கம்பம் நட்டாச்சுங்க மேடம்

கொங்கு நாட்டு மரியாதையை வெளியூர்க்காரர்கள் வாய் ஓயாமல் புகழ்வார்கள். பஸ்ஸில் தன் காலை மிதித்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்து, "ஏனுங், கொஞ்சம் காலை எடுத்துக்கறீங்களா?" என்று மிதிபட்டவனே கெஞ்சுவதைக் கேட்டு அவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். தாராளமாகப் புகழட்டும். ஆனால் அந்த மரியாதையோடு ஒரு முழுச் சீசன் மல்லுக்கட்டிய ஹுமேராவிடம் இதுவரை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. கேட்டால் அவளும் நல்லவிதமாகத்தான் சொல்லி வைப்பாள். அவளும் இந்த ஊர்க்காரிதானே.

ஹுமேரா பிசியோதெரபிஸ்ட். பிறந்து வளர்ந்தது கோயமுத்தூர் கோட்டைமேட்டில். தகப்பனார் அப்துல் வஹீதுக்கு ஒப்பணக்காரத் தெருவில் கைலி, துண்டு வியாபாரம். மகளை அவர் பிசியோதெரபி படிக்க அனுப்பியபோது, "டாக்டருக்குச் சீட்டு கிடைக்கலியா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொந்தக்காரர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். படித்து முடித்துக் கல்யாணமாகி, கணவன் ஷாஹுலோடு போத்தனூரில் குடியேறினாள். வீட்டு முன்னறையிலேயே கிளினிக் வைத்தாள். வந்தவர்கள் எல்லாரும் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள், மில்லில் நின்று நின்றே முட்டியைத் தேய்த்துக்கொண்ட பெண்கள். "ஊசி கீசி ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் முகம் வாடிப்போவார்கள். அவளுக்கும் அலுத்துவிட்டது. எல்லாம் தேய்ந்த பிறகு வந்து நின்றால் யார்தான் என்ன செய்ய முடியும்? ஒடிவதற்கு முன்னால் ஒரு உடம்பு தன் கைக்கு வர வேண்டும், அதை ஒடியாமல் காப்பாற்றிக் காட்ட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

அந்த ஆசையைக் கிளப்பிவிட்டது ஒரு அமெரிக்க சமாசாரம். கல்லூரிக் கடைசி வருடச் செமினாரில் அவளுக்கு வந்து விழுந்த தலைப்பு, அமெரிக்கன் ஃபுட்பாலில் சீசனுக்கு முந்தைய பயிற்சி காயங்களைக் குறைக்கிறதா என்பது. அப்படி ஒரு ஆட்டத்தை அவள் அதுவரை கண்ணால் கண்டதில்லை. பேர்தான் ஃபுட்பால், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒருவன்மேல் ஒருவன் போய் மோதுகிறான். 2011இல் அங்கே முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ஒப்பந்தத் தகராறு. மாதக்கணக்கில் ஆட்டக்காரர்களை உள்ளே விடாமல் பூட்டிவிட்டார்கள். கிளப் டிரெயினர் கிடையாது, கிளப் பயிற்சி கிடையாது. தகராறு தீர்ந்து கதவு திறந்ததும் நேரே முழு வேகத்தில் கேம்ப். இரண்டு வாரம் தாண்டுவதற்குள் பத்துப் பேருக்குக் குதிகால் நரம்பு அறுந்துபோனது என்று படித்தாள். படித்ததை செமினாரில் அழுத்தம் திருத்தமாகச் சொல்லிக் கைத்தட்டலும் வாங்கினாள். உடம்பைப் பழக்காமல் களத்தில் இறக்கினால் ஒடியும். பழக்கி இறக்கினால் ஒடியாது. இது அவளுக்கு வேதவாக்காகப் போயிற்று.

சென்னகேசவன் அவளைத் தேடி வந்தது ஷாஹுலுக்கே ஆச்சரியம். மில் குடும்பம். தாத்தா காலத்து நூற்பாலையை மூடிவிட்டாலும் இடமும் பேரும் மிச்சம். புதிதாகத் தொடங்கிய கபடி லீக்கில் கோயமுத்தூர் அணியை அவர் எடுத்திருந்தார். அவர் மனைவிக்குத் தோள்பட்டை வலியை ஹுமேரா சரிசெய்திருந்ததால், அணிக்கு ஒரு பிசியோ வேண்டும் என்றதும் இவள் ஞாபகம் வந்திருக்கிறது. ஹுமேரா அவரிடம் அமெரிக்கக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம பசங்க வருசம் பூராவும் பூட்டுப் போட்டு வச்ச மாதிரிதானுங்களே அம்மணி?" என்றார். "கேம்புன்னு ஒண்ணு நடத்தீருவோம். நீங்க சொல்றதுதானுங்க சட்டம்."

போத்தனூரில் அவருடைய பழைய பஞ்சு குடோனைக் காலி செய்து மேட் விரித்தார்கள். ஆட்டக்காரர்கள் அங்கேயே தங்கிச் சாப்பிட்டுப் பயிற்சி எடுப்பதாக ஏற்பாடு. கோச் ரங்கராஜ், ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் ஜெயித்துவிட்டு வந்த ஆள். அவருக்கு இந்த நீட்டி மடக்கும் வேலையெல்லாம் வேடிக்கை.

"பதினெட்டு வருசம் ஆடுனேனுங்க மேடம். ஒரு நாளும் தொடையை இழுத்து உட்டதில்ல."

"இப்ப உங்க முட்டி எப்படிங்க இருக்கு?"

"அது வேறங்க," என்றார் ரங்கராஜ், பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்து எழுந்துகொண்டே.

ஹுமேராவுக்கு அங்கே கிடைத்த முதல் தலைவலி இந்த மரியாதைதான். வலியை அளக்க ஒரு வழி உண்டு. ஒன்றிலிருந்து பத்து வரை ஒரு எண் சொல்லச் சொல்வார்கள். ஒன்று என்றால் வலியே இல்லாத மாதிரி, பத்து என்றால் உயிர் போகிற மாதிரி. பல் கடித்துக்கொண்டு நொண்டுகிறவனிடம், "எத்தனைங்க?" என்று கேட்டால், "பரவாயில்லைங்க" என்பான். "பரவாயில்லைன்னா எண் சொல்லுங்க" என்றால், "ஒண்ணுன்னே போட்டுக்குங்க மேடம்" என்பான். அவள் கோபித்துக்கொண்டால் அவள் மனம் நோகக் கூடாதே என்று இரண்டாக்குவான். வலியைச் சொல்வது, சொல்லிக்கொடுக்கிறவரைக் குறை சொல்வதுபோல அவர்களுக்குப் பட்டது. பெண்பிள்ளை, அதுவும் படித்தவர், நமக்காக வேகாத வெயிலில் வந்து நிற்கிறார், அவரிடம் போய் வலிக்கிறது கிலிக்கிறது என்று சொல்வதா?

அந்தக் கூட்டத்தில் கவின்தான் பெரிய மரியாதைக்காரன். கிணத்துக்கடவுக்கு மேற்கே ஒரு ஊர். கொப்பரைக் களத்தில் வேலை. இருபத்தெட்டு வயது. பத்து வருடமாகக் கோயில் விசேஷக் கபடிகளில் ஆடிக் கோப்பையும் வேட்டி துண்டும் வாங்கியவன். ரெய்டு போனால் நாலு பேர் சுற்றி நின்றாலும் தப்பி வருகிற உடம்பு. லீக்கில் எடுத்தது இதுதான் முதல் தடவை. அடுத்த வருடம் இவனைவிட இளவட்டம் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். இந்த ஒரு சீசன் ஆடினால்தான் பேர், விட்டால் கொப்பரைக் களம். இது அவனுக்கும் தெரியும், ஹுமேராவுக்கும் தெரியும்.

முதல் நாள் சோதித்தபோதே அவனுடைய வலது குதிகால் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒற்றைக் காலில் நின்று குதியைத் தூக்கச் சொன்னாள். ஏழெட்டு தடவைக்கு மேல் ஏறவில்லை. நரம்பு தடித்துப்போய்க் கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. வெறுங்காலோடு கட்டாந்தரையில் பத்து வருடம் ஆடினதன் கூலி. 'இந்தக் காலைச் சீசன் முடிகிறவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்' என்று அவள் அன்றைக்கே மனதுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டாள். மற்றவர்களைவிட அவனுக்கு அதிக நேரம் செலவிட்டாள். மெதுவாக எடை கூட்டி, மெதுவாகத் தாவல் கூட்டி, ஒரு மாதத்தில் அவனை ஒற்றைக் காலில் இருபத்தைந்து தடவை ஏறி இறங்க வைத்தாள். ஷாஹுலிடம் தினமும் அந்தக் குதிகால் புராணம்தான். "உனக்கு என் மூஞ்சி ஞாபகம் இருக்கா, இல்ல அவன் குதிகால்தான் ஞாபகம் இருக்கா?" என்று அவன் கேலி செய்வான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒடிவதற்கு முன்னால் ஒரு உடம்பு கைக்கு வந்திருக்கிறது.

மாசி மாதம் ஒரு காலையில் கவின் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"மேடம், ஒண்ணு சொல்லோணுமுங்க."

"சொல்லுங்க கவின்."

"ஊர்ல மாரியாத்தா நோம்பி சாட்டீட்டாங்க. கம்பம் நட்டாச்சுங்க மேடம்."

"அதனால?"

"நானும் காப்புக் கட்டிப்போட்டேனுங்க. இனி ரெண்டு வாரம், கம்பம் புடுங்கற வரைக்கும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாதுங்க. பொழுது சாஞ்சா ஊருக்குள்ள போயரோணுமுங்க. காலைல மொத பஸ்ஸுக்கு வந்தர்றேனுங்க."

கம்பம் என்றால் என்ன என்று ஹுமேராவுக்குத் தெரியும். மாரியம்மன் கோயில் முன்னால் முக்கிளையாக ஒரு மரத்தை வெட்டி நட்டு, அதற்குப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கோனியம்மன் தேருக்கு ஒப்பணக்காரத் தெருவில் கூட்டத்துக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிறவர்களில் அவள் தகப்பனாரும் ஒருவர். அவளும் சின்ன வயதில் கூட நின்று கொடுத்திருக்கிறாள். இன்னொருவர் நேர்ச்சையில் கை வைக்கிற ஆள் இல்லை அவள். ரமலான் மாதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் ஆஸ்பத்திரி வார்டில் நாள் முழுக்க நின்றவள். 'ஒரு நாளைக்கு விட்டாத்தான் என்ன?' என்று கேட்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு எவ்வளவு பற்றிக்கொண்டு வரும் என்பது அவளுக்குத்தான் தெரியும். அதனால் மேற்கொண்டு துருவவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ராத்திரி ஊர்ல போய் வேற ஏதாச்சும் பயிற்சி பண்ணுவீங்களா?"

"பயிற்சியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க மேடம். கோயலுக்குப் போயிட்டு வந்து படுக்கறதுதானுங்க."

அவன் பொய் சொல்லவில்லை. சொல்லப்போனால் இந்தக் கதையில் யாருமே பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

பெட்டிமேல் தாவிக் குதிக்கிற பயிற்சி தினமும் இரண்டு வேளை. காலையில் நாற்பது, மாலையில் நாற்பது. கவின் மாலை பஸ்ஸுக்குப் போய்விட்டால் பாதிப் பயிற்சி போயிற்று. ஹுமேராவுக்கு அந்தப் பத்து அமெரிக்கர்கள் கண்முன் வந்து நின்றார்கள். பழக்காமல் இறக்கினால் ஒடியும். இரண்டு வாரத்துக்குப் பாதிப் பாதியாகப் பழக்கினால் ஒரு மாதம் பாடுபட்டதெல்லாம் வீண். யோசித்தாள். அவனுக்கு மட்டும் காலையிலேயே எண்பதாக்கினாள்.

"முடியுமாங்க கவின்?"

"சரிங்க மேடம்."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அன்றைக்கு அவளுக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த சில நாட்களில் அவன் கண் சிவந்திருந்தது. முதல் பஸ்ஸுக்கு எழுந்து வருகிறான், பாவம் என்று நினைத்தாள். முட்டை வேண்டாம் என்றான், கறியும் இல்லை. விரதம் என்று தெரிந்து பருப்பும் கடலையும் கூட்டிக் கொடுக்கச் சொன்னாள். குதிகாலைத் தொட்டுப் பார்த்தால் மறுபடி கொஞ்சம் சூடும் இறுக்கமுமாக இருந்தது. எண்பது தாவலுக்கு இருக்கத்தான் செய்யும் என்று ஐஸ் வைத்தாள். "எத்தனைங்க கவின்?" என்று கேட்டாள். "ஒண்ணுன்னே போட்டுக்குங்க மேடம்," என்றான்.

கம்பம் பிடுங்குவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, பாலக்காட்டு அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம் ஏற்பாடானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டம். படம் எடுப்பதற்கும் ஆட்கள் வருகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சென்னகேசவன் குடோனுக்கே வந்து, எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகத் தங்கினால் நன்றாக இருக்கும் என்றார். கவின் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"கவின் கண்ணு, இன்னிக்கு ஒரு நாளைக்கு இருந்துக்கலாமில்ல?"

கவின் பையைக் கழற்றினான். "சரிங்க," என்றான்.

ஹுமேரா வாயெடுத்தாள். 'அவருக்குக் காப்புக் கட்டியிருக்குதுங்க' என்று சொல்ல ஒரு நொடி ஆகியிருக்காது. ஆனால் அத்தனை பேர் முன்னால் முதலாளி பேச்சை மறுத்த மாதிரி ஆகிவிடும். கவினே சரி என்றுவிட்டான். கூடவே இன்னொரு எண்ணமும் ஓடியது: ஒரு நாள் பஸ் அலைச்சல் இல்லாமல் தூங்கி எழுந்தால் காலுக்கும் நல்லதுதானே. வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் கவினின் மூன்றாவது ரெய்டு. போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை வைத்துவிட்டுத் திரும்பினான். தடுக்க வந்தவனுக்கும் அவனுக்கும் இடையில் ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது. எம்பினான். டப்பென்று ஒரு சத்தம். காலூன்ற முடியாமல் உட்கார்ந்து, திரும்பிப் பின்னால் பார்த்தான்.

"யாருங்க எட்டி ஒதைச்சது?" என்று கேட்டான்.

பின்னால் யாரும் இல்லை. குதிகால் நரம்பு அறுந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், யாரோ உதைத்துவிட்டதாகத்தான் நினைப்பார்கள் என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. கவின் கேட்டதுமே ஹுமேராவுக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் அவனைக் குப்புறப் படுக்க வைத்து, கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கினாள். நரம்பு இருந்தால் பாதம் அசையும். மறுபடி அமுக்கினாள். பாதம் அது பாட்டுக்குத் தொங்கியது.

"வலிக்குதா கவின்?"

"பரவாயில்லைங்க மேடம்," என்றான். "ரெண்டாவது பாதி எறங்கிக்கலாமுங்களா?"

அறுவை சிகிச்சைச் செலவைச் சென்னகேசவனே பார்த்துக்கொண்டார். குறை சொல்ல முடியாது. கவின் இடத்துக்கு வேறு ஆளையும் எடுத்துவிட்டார். அதையும் குறை சொல்ல முடியாது. சீசன் தொடங்கிற்று.

மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஒரு நாள் ஹுமேரா பொள்ளாச்சி பஸ் ஏறி, கிணத்துக்கடவில் இறங்கி, ஆட்டோ பிடித்து அவன் ஊருக்குப் போனாள். கவின் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். அவன் அம்மா முத்தாத்தாள் இளநீர் சீவிக் கொண்டுவந்தாள். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். வெயிலில் கொப்பரை காயப்போட்டுக் கறுத்த உடம்பு, நல்ல சிரித்த முகம்.

"உங்களைப் பத்தித்தானுங்க அம்மணி எந்நேரமும் பேச்சு. காலைப் புடிச்சு அமுக்கி உட்டாங்களாம், பொம்பளைப்புள்ளைன்னு ஒரு கூச்சம் இல்லாம. யாருங்க செய்வா?"

கோயில் ஆட்டோவிலிருந்தே தெரிந்தது என்றும், கம்பம் நட்ட இடம் அதுதானா என்றும் ஹுமேரா ஏதோ பேச்சுக்குக் கேட்டாள்.

"ஆமாங்க. கம்பத்தைப் புடுங்கிக் கெணத்துல உட்டாச்சுங்க. இந்த வருசம் கம்பத்தாட்டம் பாக்கோணுமே நீங்க! இவனை மிஞ்ச இந்த ஊர்ல ஆளு இல்லைங்க. பறை அடிக்கறவனுக்குக் கை ஓஞ்சாலும் இவனுக்குக் கால் ஓயாதுங்க. கம்பத்தைச் சுத்திச் சுத்தி எம்புவான் பாருங்க, இந்த ஒசரம்." முத்தாத்தாள் தன் மார்புக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினாள். "கேம்புல தங்குன நாள் வரைக்கும் ஒரு நாள் உடாம ஆடுனானுங்க."

ஹுமேரா இளநீரைக் கீழே வைத்தாள். "தினமுங்களா?"

"தினமுமேதானுங்க. ஊர் அடங்கி வெகு நேரத்துக்கு ஆடுவாங்க."

"செருப்பு, ஷூ ஏதாச்சும்..."

"சாமி முன்னாலைங்களா?" என்று முத்தாத்தாள் சிரித்தாள்.

ஹுமேரா கவினைப் பார்த்தாள். "ஏன் கவின் சொல்லலை? நான் கேட்டேன்ல?"

கவினுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீங்க பயிற்சி பண்ணுவியான்னு கேட்டீங்க மேடம். இது சாமிக்குங்களே. இதைப் போய் யாருங்க கணக்குல சேப்பாங்க?"

இராத்திரியெல்லாம் கட்டாந்தரையில் வெறுங்காலோடு குதித்த குதிகாலை, விடிந்ததும் கூட்டி வந்து, எண்பது தடவை பெட்டிமேல் குதிக்க வைத்திருக்கிறாள். நாற்பதைக் குறைத்திருக்க வேண்டியவள் நாற்பதைக் கூட்டியிருக்கிறாள். அமெரிக்காவில் கதவைப் பூட்டியதால் அறுந்தது. இங்கே அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அறுத்திருக்கிறாள். கோயில் பக்கம் கையைக் காட்டிவிட்டு அவள் தப்பிக்கவும் முடியாது. கம்பத்தாட்டம் அவன் சின்ன வயதிலிருந்து ஆடுவது. அந்தக் கால் அதற்குப் பழகிய கால். புதிதாக வந்து சேர்ந்தது இவள்தான்.

முத்தாத்தாளின் சிரிப்பு அடங்கியிருந்தது. "அந்த ஒரு ராத்திரி வெளியூர்ல தங்கிப்போட்டானுங்க அம்மணி," என்றாள் தணிந்த குரலில். "காப்புக் கட்டுன கையோட. மறுநா விடிஞ்சதும் காலைப் புடுங்கிப்போட்டா ஆத்தா. ஊர்ல எல்லாரும் அதைத்தானுங்க சொல்றாங்க."

"இல்லைங்கம்மா. அது இல்லை. நான்தான்." ஹுமேராவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எண்பது தாவலைச் சொன்னாள். நரம்புக்கு ஓய்வு வேண்டும் என்பதைச் சொன்னாள். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தான் கணக்குப் போட்டதைச் சொன்னாள். "அந்த ராத்திரி தங்காம இருந்தாலும் அறுந்திருக்கும். இது என்னால ஆனதுங்க. உங்க சாமிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க."

முத்தாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நல்ல மனசோட சொல்றீங்க அம்மணி. ஆனா அப்படிச் சொல்லாதீங்க. ஆத்தா கோவம்னா வாற வருசம் தீச்சட்டி எடுத்தாவது தணிப்பேனுங்க. நீங்க சொல்றது நெசம்னா நான் எதைத் தணிக்கறது?"

ஹுமேரா கிளம்பும்போது இரண்டு இளநீரைக் கட்டி ஆட்டோவில் வைத்து அனுப்பினார்கள்.

ரங்கராஜிடம் கேட்டாள். "கம்பத்தாட்டமுங்களா? தெரியுமுங்களே. பசங்க எல்லாத்துக்கும் தெரியும்," என்றார்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே மேடம். அதுவும் இல்லாம அது சாமி காரியமுங்க."

சென்னகேசவனிடம் போய், இந்த வேலையை விட்டுவிடுகிறேன், தப்பு என்னுடையது என்றாள். "உடுங்க அம்மணி. நீங்க இல்லீன்னா இன்னும் நாலு பேருக்குப் போயிருக்குமுங்க," என்றார் அவர். யாராவது ஒருவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அந்த ஊரில் அதற்கு ஆள் கிடைக்கவில்லை. ஷாஹுல்கூட, "நீ வேணும்னா செஞ்சே?" என்றுதான் கேட்டான். வேண்டுமென்று செய்யாத தப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்தச் சீசனில் மற்றவர்கள் யாருக்கும் பெரிய அடி இல்லை. அது அவள் கொடுத்த பயிற்சியாலா, அதிர்ஷ்டத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை. பழைய செமினார் கட்டுரைகளை மறுபடி எடுத்துப் படித்தாள். புதிதாக வந்தவற்றையும் தேடினாள். சீசனுக்கு முன்னால் நிறையப் பயிற்சி எடுத்தவர்களுக்கு அப்புறம் காயம் குறைவு என்றார்கள் சிலர். காயம் அதிகம் படுவதே அந்தப் பயிற்சிக் காலத்தில்தான் என்றார்கள் சிலர். ஒரேயடியாகக் கூட்டாதே, குறைக்கவும் குறைக்காதே என்றார்கள் மற்றவர்கள். எல்லாரும் கூட்டி வகுத்துத்தான் பேசினார்கள். பூட்டிக் கிடந்த அந்த மாதங்களில் அந்தப் பத்துப் பேரும் அவரவர் ஊரில் என்ன செய்துகொண்டிருந்தார்கள், எங்கே ஓடினார்கள், எந்தத் திருவிழாவில் ஆடினார்கள் என்று அவள் படித்த எதிலும் இல்லை. செமினாரில் அவளும் அதைக் கேட்கவில்லை. கைத்தட்டலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கவினின் கால் கூடிவிட்டது. நடக்கலாம், மொபெட் ஓட்டலாம். ஒற்றைக் காலில் நின்று குதியைத் தூக்கச் சொன்னால் தரையைவிட்டு எழும்பாது. மாதத்துக்கு ஒரு தடவை போத்தனூருக்கு வந்து காட்டிவிட்டுப் போனான். ஒவ்வொரு தடவையும் தேங்காய் கொண்டுவந்தான். வேண்டாம் என்றால் கேட்க மாட்டான். கடைசியாக ஒரு நாள், இனி வரத் தேவையில்லை, இதற்குமேல் முன்னேறாது என்று அவளே வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று.

"பரவாயில்லைங்க மேடம். களத்துல குதிச்சு என்னங்க ஆகோணும்? நடந்தாப் போதுமுங்க," என்றான். அவளைத் தேற்றுவதற்காகத்தான் அப்படிச் சொன்னான். அது அவளுக்கும் தெரிந்தது.

மறு வருடம் மாசியில் அதே குடோனில் கேம்ப். கவின் இடத்தில் பொள்ளாச்சிப் பக்கத்து யஷ்வந்த். இருபத்திரண்டு வயது, நல்ல வேகம். ஒரு காலையில் அவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. சாயங்காலம் ஊருக்குப் போய்விட்டு முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுவதாகச் சொன்னான். இந்தத் தடவை ஹுமேரா சுற்றி வளைக்கவில்லை.

"ராத்திரி கம்பம் ஆடறீங்களா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க மேடம்."

"உள்ளங்காலைக் காட்டுங்க."

அவன் கூச்சத்தோடு காட்டினான். ஓரமெல்லாம் வெடித்து, வெடிப்பில் மஞ்சள் தண்ணீர்க் கறை. கம்பத்துக்கு ஊற்றின தண்ணீரை மிதித்தாலும் கறை வரும். அங்கேயே ஆடினாலும் வரும். எது என்று கால் சொல்லுமா? அவள் அவனை உட்கார வைத்து, கவின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் உருக்கமாகக் கேட்டான். "அய்யோ பாவமுங்க," என்றுகூடச் சொன்னான்.

"அதுக்குத்தான் கேக்கறேன் யஷ்வந்த். நிஜத்தைச் சொல்லுங்க. ஆடறீங்கன்னா தாவலைக் குறைக்கறேன். ஆடலைன்னா குறைச்சாலும் தப்பு, அப்பவும் கால் போயிரும். எனக்குத் தெரிஞ்சாகணும்."

"நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே செஞ்சுபோடறேனுங்க மேடம்."

"அதைக் கேக்கலை. வலி இருக்கா? எத்தனை?"

"ஒண்ணுன்னே போட்டுக்குங்க."

அவன் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. அவள் மனம் நோகக் கூடாது என்கிற கவலை ஒன்றுதான் இருந்தது. ஹுமேராவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரே ஒரு தடவை 'முடியாதுங்க' என்று சொல்ல மாட்டானா? அதைக் கேட்டுவிட்டால் போதும், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

"சரி. இன்னிக்கு உங்களுக்கு ஐந்நூறு ஜம்ப்," என்றாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யஷ்வந்த் ஒரு நொடி அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து, பெட்டிக்கு முன்னால் போய்க் காலைச் சேர்த்து நின்றான்.

"சரிங்க மேடம்," என்று சொல்லிவிட்டுத் தாவினான். இறங்கினான். மறுபடி தாவினான்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் ஹுமேரா.

அவன் உடனே நின்றான்.

"சரிங்க மேடம்," என்றான்.